ஹேவாஹெட்ட பாதையில் ஒரு சிவப்பு ஒழுக்கு

கல்யாணப் பத்திரிகையை இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். என் மனைவியின் சொந்தக்காரர்களிடம் அது நடக்காது. வீட்டுக்குப் போய், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்து, இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேர் கோத்தகிரியில் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். மீதிப் பேர் இலங்கையில், கண்டியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில். இந்தியாவுக்குப் போகிறவர்கள் போகலாம் என்று சொன்ன காலத்தில் தம்பி கப்பலேறினார், அண்ணன் நின்றுவிட்டார். தம்பியின் மகள்தான் என் மனைவி. அவளுடைய பாஸ்போர்ட் காலாவதியாகிக் கிடந்ததால், ஹார்டுவேர் கடையை அவளிடம் விட்டுவிட்டு, ஒரு பை நிறைய மகளின் கல்யாணப் பத்திரிகையோடு நான் புறப்பட்டேன்.

புதன்கிழமை கண்டி ரயில் நிலையத்துக்கு வெளியே தங்கராஜ் மச்சான் நின்றுகொண்டிருந்தார். நின்றுவிட்ட அண்ணனின் மகன் அவர். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆயுள் முழுக்க லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். முதுகை இரண்டு வரிசை ஆசனம் கொண்ட ஒரு வெள்ளைப் பிக்கப் வண்டியில் சாய்த்திருந்தார். நான் கிட்டத்தில் போய் "மச்சான்" என்று கூப்பிட்ட பிறகுதான் கட்டிக்கொண்டார்.

"நம்ம கெப் எப்பிடி, மாப்ளே? பழசுதான். ஆனா பாத்தா தெரியுதா?"

பிக்கப்புக்கு இங்கே கெப் என்று பெயர். சாமான் ஏற்றும் பின்பக்கத்துக்குக் கூரை போட்டு, இரண்டு நீளப் பலகை ஆசனங்கள் அடித்திருந்தார். எதற்கென்று கேட்டேன். தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து பிள்ளைகள் ஹேவாஹெட்டப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகிறார்கள். மழை, அட்டை, வழுக்கல். அடுத்த தவணை திங்கட்கிழமை தொடங்குகிறது. அன்றிலிருந்து அவர்களை ஏற்றி இறக்குவதாகப் பெற்றோரிடம் பேசி முடித்துவிட்டார். திங்கட்கிழமை வண்டி வராவிட்டால், தலாத்துஓயாவில் ஒருவர் வேனோடு தயாராக இருக்கிறாராம். "அவன் வந்துட்டா பெறகு நம்மள யாரு கூப்பிடுவா?" என்றார்.

வண்டி நகர்ந்ததும் அது நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். சிமெண்டுத் தரையில் சிவப்புத் துளிகள். யாரோ வெற்றிலை துப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து, நம் ஊர்தான் என்று நிம்மதியடைந்தேன். மச்சான் திருத்தினார். அது பவர் ஸ்டீரிங் ஒயில். வாங்கிய நாளிலிருந்து ஒழுகுகிறது. எங்கே ஒழுகுகிறது என்றுதான் தெரியவில்லை.

கண்டி நகரத்து நெரிசல் கோயம்புத்தூரைவிட மோசமில்லை. ஆனால் இங்கே ஹாரன் அடிப்பதில் ஒரு கூச்சம் இருக்கிறது. மச்சானுக்கு அந்தக் கூச்சம் இல்லை. குளத்தைச் சுற்றிப் போகும்போது வண்டி இடப்பக்கம் சாய்ந்து, ஓரத்தில் குவித்திருந்த செவ்விளநீர்க் குலையொன்றை உரசியது. காய்கள் உருண்டன. வியாபாரி சிங்களத்தில் ஏதோ சொன்னார். மச்சானிடம் கேட்டேன். "இவ்வளவு ரோடு போதலியா அண்ணேன்னு கேக்குறான்" என்று சிரித்தார். "ஒயில் கொறஞ்சா ஸ்டீரிங் இழுக்கும் மாப்ளே. அதான் இந்த ஒழுக்கத் திங்கக்கெழமைக்குள்ள நிப்பாட்டணும்."

தலாத்துஓயா போகும் வழியில் ஒரு கராஜ். அங்கிருந்த சிங்கள மெக்கானிக்கை எல்லோரும் பாஸ் என்று கூப்பிட்டார்கள். பாஸ் என்றால் முதலாளி இல்லை, மேஸ்திரி மாதிரி. அவர் வண்டிக்கடியில் படுத்து, விரலால் தொட்டுப் பார்த்து, குழாய்தான் வெடித்திருக்கிறது என்றார். வேறு குழாய் மாட்டினார். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம். தரை காய்ந்திருந்தது. "இனி இதை உங்கள் பேரன் விற்கும்போதுதான் ஒழுகும்" என்று பாஸ் சொன்னதாக மச்சான் மொழிபெயர்த்தார்.

வீட்டில் மச்சானின் மனைவி யோகேஸ்வரி, தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். சம்பலின் காரம் காதுக்குள் போனது. "தண்ணி குடிக்காதீங்க அண்ணே, கூடும்" என்று பிளேன்டீ கொடுத்தார். டீ ஒரு கையில், சீனி மறு உள்ளங்கையில். சீனியை நக்கிக்கொண்டு டீயைக் குடிக்க வேண்டும். நானும் தேயிலை ஊர்க்காரன்தான். ஆனால் எங்கள் ஊரில் பாலும் சர்க்கரையும் போட்டு, கொதிக்க வைத்து, தேயிலைக்கு வாயைத் திறக்க வாய்ப்பே கொடுப்பதில்லை.

யோகேஸ்வரியிடமும் ஓட்டுநர் லைசன்ஸ் இருக்கிறது என்பது அன்று பேச்சுவாக்கில் தெரிந்தது. கெப் வாங்கும் முன்பே கண்டியில் பழகி எடுத்திருக்கிறார். "இந்தப் பக்கம் மட்டும் ஓட்ட விட மாட்டேங்குறாரு. வளைவு உனக்குத் தெரியாதுங்குறாரு" என்று புகார் சொன்னார். மச்சான் காதில் வாங்காதவர்போல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலையில் நான் பல் விளக்க வெளியே வந்தபோது, மச்சான் வண்டியின் முன்மூடியைத் திறந்து வைத்து, ஒவ்வொரு டப்பாவாக மூடி திருகி ஊற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர், பிரேக் ஒயில், அந்தச் சிவப்பு ஒயில். பூசையறையில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிற நிதானம். பழைய லொறிக்காரர் அல்லவா என்று எனக்கு மரியாதை கூடியது.

தெல்தோட்டை வழியாகக் கலஹாவுக்குப் போனோம். அங்கே மனைவியின் அத்தை முறையான ஒருவர் வீட்டில் முதல் பத்திரிகை. வாசலில் வண்டியை நிறுத்தி, தாம்பாளத்தில் பழத்தை அடுக்கிக்கொண்டு நிமிர்ந்தால், அப்போதுதான் கழுவிவிட்ட சிமெண்டு முற்றத்தில் சிவப்பு. அத்தை ஒன்றும் பதறவில்லை. கூரை ஒழுகினால் வைக்கிற அலுமினியச் சட்டியைக் கொண்டுவந்து வண்டிக்கடியில் தள்ளினார்.

"கல்யாண வீட்டுக்காரங்க வந்தா வாசல்ல ஆலம் கரைச்சு வைப்போம். நீங்களே கொண்டு வந்துட்டீங்களே" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் மட்டும் சட்டிக்குள் துளி விழும் சத்தத்தைக் கேட்டபடி நின்றார். பத்திரிகை வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போனால் குற்றம். கலஹாவில் மட்டும் மூன்று வீடு. மூன்றாவது வீட்டில் பலாக்கொட்டைக் குழம்பைப் பார்த்தபோது, என் மகள் பதிவுத் திருமணம் செய்துகொண்டிருக்கலாம் என்று தோன்றியது. திரும்பும் வழியில் ஒழுக்கு இல்லை. "தானா நின்னுருச்சு" என்றேன். "அது அப்பிடித்தான். சாயந்தரம் நல்ல புள்ளை" என்றார் மச்சான்.

வெள்ளிக்கிழமை புசல்லாவை. காலையில் ஒயில் ஊற்றல், கம்பளை தாண்டியதும் ஒழுக்கு. பிரதான வீதியில் நுவரெலியா பஸ்கள் எங்களை இடித்துத் தள்ளாத குறையாக முந்திப் போயின. மச்சான் சாலையின் ஓரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தார். ஒரு பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கிய கண்டக்டர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டான். பக்தியால் இல்லை.

புசல்லாவை பஸார் ஓரத்தில் ஒரு தமிழ் மெக்கானிக் இருந்தார். தலாத்துஓயா பாஸ் மாட்டிய குழாயைத் தட்டிப் பார்த்து, "இது நல்லாத்தான் மாட்டியிருக்கு. நோய் வேற எடத்துல" என்று பம்ப்பைக் கழற்றினார். உள்ளே சீல் தேய்ந்திருக்கிறது என்று மாற்றினார். அவர் வேலை செய்த நேரத்தில் நாங்கள் நடந்தே இரண்டு வீட்டுக்குப் பத்திரிகை வைத்துவிட்டு வந்தோம். நடக்கும்போது மச்சான் என் தோளில் கைபோட்டுக்கொண்டார். பாசக்காரர் என்று மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வீடு திரும்பும்வரை ஒரு துளி இல்லை. யோகேஸ்வரி அன்று கோழி அடித்தார்.

சனிக்கிழமை காலையில் வாசலில் எப்போதும்போல் ஊற்றல் நடந்தது. புறப்பட்டு முதல் ஏற்றம் ஏறியதும் நிறுத்திப் பார்த்தோம். சிவப்பு சொட்டிக்கொண்டிருந்தது. மச்சான் சக்கரத்தை உதைத்தார். உதைத்துவிட்டு அதையே தடவிக் கொடுத்தார். நாளை மறுநாள் திங்கள். எனக்கே அப்போது மனசு கனத்துவிட்டது. பத்திரிகை வைக்க வந்தவன் அதை மறந்து ஒரு பழைய வண்டியின் ஒழுக்கை எண்ணிக் கவலைப்பட்டேன்.

பின்பக்கப் பலகை ஆசனங்களுக்கு ரெக்சின் வாங்க யோகேஸ்வரியும் வந்திருந்தார். "கண்டியிலேயே ஒரு நல்ல பாஸ்கிட்ட காட்டுவோம்" என்று அவர்தான் வழி சொன்னார். கட்டுகஸ்தோட்டை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் நஸீர் நானாவின் கராஜ். நானா என்றால் இங்கே முஸ்லிம்களிடம் அண்ணன். அறுபது வயதிருக்கும். தலையில் தொப்பி, மூக்கு நுனியில் கண்ணாடி. எங்களைக் கதிரையில் உட்காரவைத்து, வீட்டிலிருந்து வட்டிலப்பமும் தண்ணீரும் வரவழைத்தார். வட்டிலப்பம் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்ந்து நடுங்கும் ஒரு பொருள். அதைத் தின்று முடிக்கும்வரை அவர் வண்டியைப் பற்றிப் பேசவில்லை.

பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எந்த நேரத்துல ஒழுகும்?"

"காலையில" என்றேன் நான். "சாயந்தரம் நின்னுடுது."

"அப்ப குழாயும் இல்ல, சீலும் இல்ல. ஓட்டைக்குக் காலையும் மாலையும் தெரியாதே" என்றார்.

எஞ்சின் முழுவதையும் துடைத்துக் காயவைத்தார். வீட்டுக்குள் போய்ப் பேத்தியின் முகப்பவுடர் டப்பாவைத் தேடி எடுத்துவர நேரமானது. அந்த இடைவெளியில் மச்சான், ஒயில் குறைந்திருக்கும் என்று போத்தலை எடுத்து ஊற்றினார். இடக்கைச் சுட்டுவிரலை ஒயில் டப்பாவின் வாய்க்குள் விட்டு, விரல் நனையும்வரை ஊற்றி நிறுத்தினார். லொறிக்காரர்களின் கைப்பழக்கம் என்று நினைத்தேன்.

நானா வந்து, ஒயில் ஓடும் பாதை முழுக்கப் பவுடரைத் தூவினார். வண்டிக்குள்ளிருந்து குழந்தை குளித்து வந்த வாசனை வந்தது. "வாங்க, பாலம் வரைக்கும் ஒரு ஓட்டம் போய்ப் பார்ப்பம். நீங்க ஓட்டுங்க" என்று மச்சானோடு ஏறிக்கொண்டார். நானும் யோகேஸ்வரியும் சந்தில் காத்திருந்தோம்.

திரும்பி வந்தபோது நானாவின் முகம் வேறு மாதிரி இருந்தது. இறங்கி முன்மூடியைத் திறந்தார். வெள்ளைப் பவுடருக்கு நடுவே ஒரே ஒரு சிவப்புக் கோடு. அது குழாயிலிருந்து வரவில்லை, பம்ப்பிலிருந்து வரவில்லை. மேலே, டப்பாவின் மூடியிலிருந்து கிளம்பி, பம்ப்பின் முதுகில் வழிந்து, குழாயைச் சுற்றி, கீழே இறங்கியிருந்தது.

"இது ஒழுக்கு இல்ல. வாய் வரைக்கும் நெரப்பி வச்சீக்கி. சூடானதும் பொங்கி ஊத்துது" என்றார் நானா. "பொங்கினது போக மிச்சம் அளவா நிக்குது. அதான் சாயந்தரம் ஒழுகல்ல. காலையில திரும்பவும் யாரோ நெரப்புற."

யோகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்ம ஆளுங்க வாங்கின பொருள்ல எதையும் கொறையா வைக்க மாட்டாங்க நானா. வாசல்ல நெறகொடம் வைக்கிறவங்கதானே."

"நெறகொடம் வாசல்ல இரிக்கட்டும் தங்கச்சி. இதுக்குக் கோடு போட்டுத் தந்தீக்கி" என்று நானா டப்பாவின் பக்கவாட்டைக் காட்டினார். மச்சானைப் பார்த்து, "மேல் கோட்டத் தாண்ட வேணாம். சரியா?" என்றார்.

மச்சான் குனிந்தார். டப்பாவின் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"எந்தக் கோடு?" என்றார்.

வெளிர் பிளாஸ்டிக்கில் விரல் பருமனுக்குக் கறுப்பாக இரண்டு கோடுகள் இருந்தன. நான் என் படிக்கும் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். எனக்கும் கிட்டத்து எழுத்து தெரியாது, வயதானால் அப்படித்தான் என்றேன். மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார். நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

நஸீர் நானா துணியில் கையைத் துடைத்தபடி, சந்தின் முனையில், வீதிக்கு அந்தப் பக்கம் நின்ற வாகனத்தைக் காட்டினார். "அங்க நிக்குறது எந்த பஸ், தங்கராஜ் அண்ணன்?"

"கட்டுகஸ்தோட்டை பஸ்தானே" என்றார் மச்சான் உடனே. "இந்த நேரத்துக்கு அதுதான் இங்கிட்டு வரும்."

அங்கே நின்றது காஸ் சிலிண்டர் ஏற்றிய நீல லொறி.

யோகேஸ்வரி வழியில் வாங்கிய ரெக்சின் சுருளைக் கதிரையில் வைத்தார். நானா வண்டிக்குள் கையை விட்டுச் சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வண்டியை நான் சரியாக்கிட்டன். ஆனா சாவிய உங்க கையில தரமாட்டன், கோவிக்க வேணாம். பாலத்துல ஒரு வயசான உம்மா ரோட்டக் கடந்தாங்க. நான் ஸ்டீரிங்கப் புடிச்சுத் திருப்பினன்."

"நா பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்றார் மச்சான்.

"சீனிக்குப் போற கிளினிக்ல கண்ணுக்கு என்ன சொன்னாங்க?" என்று யோகேஸ்வரி கேட்டார். அவருடைய குரல் உயரவில்லை. மச்சானுக்குச் சர்க்கரை நோய் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாங்க. உள்ளுக்கு ரத்தம் கசியுதாம்." மச்சான் கதிரையில் உட்கார்ந்தார். "திங்கக்கெழம ஓடத் தொடங்கட்டும், ஒரு மாசம் ஓடட்டும், பெறகு சொல்லுவோம்னு இருந்தேன்."

"புள்ளைங்கள வச்சுக்கிட்டா?"

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. கம்பளை வீதியின் பஸ்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அதே நேரம், நான்கு நாளாக என் பத்திரிகைப் பையைச் சுமந்து வந்த மனிதரைத் திட்டவும் வாய் வரவில்லை. என் இந்திய லைசன்ஸ் இங்கே செல்லாது, நானும் ஓட்ட முடியாது. நானா டப்பாவிலிருந்து மிச்ச ஒயிலை ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுத்து, கோடு வரை விட்டு, மூடியைத் திருகினார். சாவியை யோகேஸ்வரியிடம் கொடுத்தார்.

ஹேவாஹெட்டவுக்கு யோகேஸ்வரி ஓட்டினார். இடப்பக்க ஆசனத்தில் மச்சான், பின் வரிசையில் நான். தலாத்துஓயா தாண்டி ஏற்றம் தொடங்கிய இடத்தில் யோகேஸ்வரியின் கை ஸ்டீரிங்கில் இறுகியது. அப்போது மச்சான், முன்கண்ணாடியைப் பார்க்காமல், மடியைப் பார்த்தபடி சொன்னார்.

"இப்ப வலப்பக்கம் ஒரு மதகு வரும். அது தாண்டி எடப்பக்கம் நல்லா ஒடிக்கணும். ரெண்டாவது கியர் போடு."

மதகு வந்தது. ஒடித்தார். "இனி கொஞ்ச தூரம் நேரா. கல்லுமேட்டுகிட்ட ஹோர்ன் அடி. பெறகு ரெட்டை வளைவு." கல்மேடு வந்தது, இரட்டை வளைவு வந்தது. எங்கே பள்ளம், எங்கே ஓரம் சரிந்திருக்கிறது, எங்கே எதிர் வண்டிக்கு ஒதுங்க இடம் இருக்கிறது எல்லாவற்றையும் வருவதற்கு முன்பே சொன்னார். ஒன்றுகூடப் பிசகவில்லை. யோகேஸ்வரியின் தோள் மெல்லத் தளர்ந்தது. இந்த நான்கு நாளும் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து மலையை ரசித்துக்கொண்டு வந்தபோது, அவர் இப்படித்தான் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

தோட்டத்துக்குள் திரும்பும் முன் கொழுந்து நிறுக்கும் கொட்டகையைத் தாண்டினோம். "இங்கிருந்து நேர் ரோடு" என்றார் மச்சான். "ஒண்ணும் இல்ல. காலி. மூணாவது போட்டு எடு."

யோகேஸ்வரி பிரேக் போட்டார். நான் முன் ஆசனத்தில் மோதிக்கொண்டேன்.

நிறுவை முடித்த பெண்கள், மடித்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, ரோடு முழுக்கப் பரந்து பேசிக்கொண்டே வந்துகொண்டிருந்தார்கள். முன்வரிசையில் இருந்தவருக்கும் வண்டிக்கும் இடையில் கைநீளம்தான் இருந்தது. அவர்கள் இரண்டு பக்கமும் பிரிந்து வண்டியை உரசிக்கொண்டு நடந்தார்கள். மச்சான் தலையைத் திருப்பி அந்தச் சத்தங்களைக் கேட்டார். வலப்பக்கம் சில குரல்கள், இடப்பக்கம் சில.

ஒரு பெண் நின்று, ஜன்னலுக்குள் குனிந்தார். "என்ன அண்ணே, ஒழுக்கு நின்னுச்சா? திங்கக்கெழம எங்க புள்ளைங்களக் கூட்டிப் போக வருவீங்கதானே?"

மச்சான் குரல் வந்த பக்கம் பார்த்தார்.

"யோகா வருவா" என்றார்.